புத்தி கூடிய மறுநாள் அவள் யார்?

நாவல் எழுதிக்கொண்டிருக்கும் ஒருவரின் கேள்வி இது: "என் நாயகி கமலாவுக்கு முப்பது வயது. எதையும் மெதுவாகத்தான் புரிந்துகொள்வாள், எல்லோரிடமும் பிரியமாக இருப்பாள். ஒரு சிகிச்சைக்குப் பிறகு சில வாரங்களில் மேதையாகிவிடுகிறாள். அதற்கப்புறம் அவளைத் திமிர் பிடித்தவளாக, சொந்த அக்காவைக்கூட மதிக்காதவளாக எழுதியிருக்கிறேன். படித்தவர்கள் எல்லோரும் 'இது வேறு யாரோ மாதிரி இருக்கிறது' என்கிறார்கள். அறிவு திடீரென்று கூடினால் குணம் எப்படி மாறும்?"

உங்கள் வாசகர்கள் சொன்னது சரிதான். ஆனால் தப்பு அவளுடைய திமிரில் இல்லை. கமலா திமிர் பிடித்தவளாக மாறலாம், அதற்கு நியாயமான வழி இருக்கிறது. அந்த வழியை நீங்கள் காட்டவில்லை, அவ்வளவுதான். நம் பழங்கதைகளும் அதைக் காட்டுவதில்லை. உட்கார்ந்திருக்கும் கிளையையே வெட்டிய மூடன் காளியின் அருளால் காளிதாசன் ஆகிறான். மடைப்பள்ளியில் வேலை பார்த்த வரதன் ஒரே இரவில் காளமேகப் புலவர் ஆகிறார். மறுநாள் காலையில் வரதன் தன்னோடு வேலை பார்த்தவர்களை எந்தக் கண்ணோடு பார்த்தார் என்று கதை சொல்வதில்லை. அருளின் பெருமையைச் சொல்ல வந்த கதைக்கு அது தேவையும் இல்லை. உங்கள் கதைக்கோ அந்த மறுநாள் காலைதான் எல்லாமே.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். அறிவும் குணமும் ஒரே குழாயில் வரும் தண்ணீர் இல்லை. ஒன்றைத் திருப்பினால் மற்றது தானாகத் திரும்பாது. உளவியலாளர்கள் குணத்தை ஐந்து பெரிய கூறுகளாகப் பிரிப்பார்கள்: புதியதை நாடும் ஆர்வம், பொறுப்புணர்வு, கலகலப்பு, இணக்கம், பதற்றம். இவற்றில் ஆர்வத்துக்கும் ஐக்யூ என்ற அறிவுத்திறன் அளவெண்ணுக்கும் மட்டும்தான் குறிப்பிடத்தக்க தொடர்பு உண்டு, அதுவும் மிதமான அளவில். மற்ற நான்கோடும் தொடர்பு மிகக் குறைவு. அதாவது, அதிபுத்திசாலிகளில் அன்பானவர்களும் உண்டு, முசுடுகளும் உண்டு, சராசரி ஆட்களைப் போலவே. லூயிஸ் டெர்மன் என்ற உளவியலாளர் 1921இல் கலிபோர்னியாவில் மிக உயர்ந்த ஐக்யூ உள்ள 1500க்கும் மேற்பட்ட பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று உண்டு. மேதை என்றால் தனிமைப்பட்டவன், கிறுக்கன் என்ற அன்றைய நம்பிக்கைக்கு அதில் ஆதாரம் கிடைக்கவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் மற்றவர்களோடு நன்றாகவே ஒத்துப்போனார்கள்.

இதற்கு நேர்மாறான ஒரு சம்பவமும் இருக்கிறது. 1848இல் அமெரிக்காவில் ரயில் பாதை வேலையில் மேஸ்திரியாக இருந்த ஃபினியஸ் கேஜின் மண்டையை ஓர் இரும்புக் கம்பி துளைத்துக்கொண்டு போனது. பிழைத்துவிட்டார். பேசினார், நடந்தார், நினைவு இருந்தது. ஆனால் நிதானமான மனிதர் என்று பெயர் எடுத்தவர் வாய்க்கு வந்தபடி பேசுகிறவராக, பொறுமையற்றவராக ஆனார். நண்பர்கள் "இது பழைய கேஜ் இல்லை" என்றார்கள் என அவருக்குச் சிகிச்சை செய்த மருத்துவர் ஹார்லோ எழுதிவைத்திருக்கிறார். உங்கள் டிராஃப்டில் இருக்கும் கமலா அறிவு கூடியவளைப் போல இல்லை, கேஜைப் போல இருக்கிறாள். ஏதோ ஒன்று உடைந்துபோனவள். வாசகர்கள் உணர்ந்தது அதைத்தான் என்று நினைக்கிறேன்.

அப்படியானால் அறிவு கூடினால் குணம் மாறவே மாறாதா? மாறும். ஆனால் நேராக மாறாது, நினைவு வழியாக மாறும். புத்தி கூடிய அன்று கமலாவிடம் புதிதாக வந்து சேர்வது எதிர்காலம் மட்டும் என்று நினைக்காதீர்கள். முப்பது வருஷ இறந்தகாலமும் புதிதாக வந்து சேர்கிறது. அப்போது புரியாமல் வெறுமனே மனதில் பதிந்து கிடந்த ஒவ்வொரு காட்சியும் இப்போது அர்த்தத்தோடு திரும்பி வரும்.

ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். கமலாவுக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பன்னிரண்டு. பள்ளிக்கூடம் விட்டு இருவரும் தெருவைக் கடக்கிறார்கள். பழைய கமலாவுக்கு இது சந்தோஷமான நினைவு: "அக்கா என் கையைப் பிடித்துக் கூட்டிப்போவாள்." சிகிச்சைக்குப் பிறகு நான்காவது வாரம், ராத்திரி தூக்கம் வராமல் படுத்திருக்கும்போது அதே காட்சி வருகிறது. இந்த முறை அவளுக்கு ஒன்று தெரிகிறது. அக்கா பிடித்தது கையை இல்லை, மணிக்கட்டை. விரல்கள் கோக்கவில்லை. பையைத் தூக்குவதுபோலப் பிடித்திருக்கிறாள். எதிரில் அக்காவின் வகுப்புப் பெண்கள் வந்தபோது பிடி தளர்ந்து, அவர்கள் கடந்துபோன பிறகு மறுபடி இறுகியிருக்கிறது.

நினைவில் ஒரு துளிகூடப் புதிதாகச் சேரவில்லை என்பதைக் கவனியுங்கள். மணிக்கட்டின் அழுத்தம் அன்றும் உடம்பில் பதிந்துதான் இருந்தது. அதன் பொருள்தான் இப்போது வந்திருக்கிறது. மறுநாள் காலையில் அக்கா தட்டை நீட்டும்போது கமலா அவள் விரல்களையே பார்ப்பாள், பதில் பேசமாட்டாள். அக்காவுக்கு அது திமிராகத் தெரியும். வாசகருக்கு அது என்னவென்று தெரியும். நீங்கள் எழுத வேண்டிய திமிர் இதுதான்.

இந்த வகைக் கதைகளில் எல்லோரும் முதலில் நினைப்பது டேனியல் கீஸின் 'ஃப்ளவர்ஸ் ஃபார் ஆல்ஜெர்னான்'. 1959இல் சிறுகதையாக வந்து 1966இல் நாவலானது. ஐக்யூ 68 உள்ள சார்லி கார்டனுக்கு, ஏற்கெனவே ஓர் எலிக்குச் செய்து பார்த்த அறுவை சிகிச்சையைச் செய்கிறார்கள். கீஸும் இதே கதவு வழியாகத்தான் உள்ளே போகிறார். தன் சிநேகிதர்கள் என்று நம்பியவர்கள் தன்னோடு சேர்ந்து சிரிக்கவில்லை, தன்னைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று சார்லிக்குப் புரிகிறது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படும் இடம் ஓர் உணவகக் காட்சி. தட்டு கழுவும் பையன் ஒருவன் கைதவறித் தட்டுகளை உடைத்துவிட, எல்லோரும் சிரிக்கிறார்கள். சார்லியும் சிரித்துவிடுகிறான். அப்புறம்தான் அந்தப் பையன் யார் என்று உறைக்கிறது: நேற்றைய தானே. அப்போது சார்லி பெரிய மேதை. ஆனாலும் கூட்டத்தோடு சேர்ந்து சிரிக்கும் பழக்கம் அவன் உடம்பில் அப்படியே இருக்கிறது. மேதையின் கோபம் மற்றவர்கள்மேல் மட்டும் பாய்ந்திருந்தால் அவன் வெறும் பழிவாங்குகிறவன். தன்மேலும் பாய்ந்ததால்தான் நமக்கு வலிக்கிறது.

இன்னொரு விஷயம். 'அறிவு கூடியது' என்று ஒரே சொல்லில் முடித்துவிடாதீர்கள். எது கூடியது? ரேமண்ட் கேட்டல் என்ற உளவியலாளர் அறிவை இரண்டாகப் பிரித்தார். புதுச் சிக்கலை அந்த நேரத்தில் யோசித்து அவிழ்க்கும் திறன் ஒன்று. வாழ்ந்து, படித்து, அடிபட்டுச் சேர்த்துவைத்தது இன்னொன்று. சிகிச்சை முதலாவதைத்தான் கொடுக்க முடியும். இரண்டாவதற்குக் காலம் வேண்டும். 1973இல் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் இருவரும் செஸ் ஆட்டக்காரர்களை வைத்துச் செய்த சோதனை இதற்கு நல்ல உதாரணம். உண்மையான ஆட்டத்திலிருந்து எடுத்த நிலையை ஐந்து வினாடி காட்டினால், தேர்ந்த ஆட்டக்காரர் பெரும்பாலான காய்களைச் சரியான இடத்தில் அடுக்கிக் காட்டிவிடுவார். காய்களை இஷ்டத்துக்குக் கலைத்துப் போட்டுக் காட்டினால் அவரும் புதியவரைப்போலத் தடுமாறுவார். அவரிடம் இருந்தது பொதுவான நினைவாற்றல் இல்லை. வருஷக்கணக்கில் ஆடி ஆடி மனதில் பதிந்த அமைப்புகள்.

மனிதர்களோடு பழகுவதும் இப்படித்தான். கமலா ஒருவரின் பொய்யை அரை வினாடியில் கண்டுபிடித்துவிடுவாள். ஆனால் கண்டுபிடித்த பொய்யை என்ன செய்வது? எல்லோர் முன்னாலும் சொல்வதா, தனியாகக் கேட்பதா, தெரியாத மாதிரி விட்டுவிடுவதா? மற்றவர்கள் இதைப் பதினான்கு வயதில் சொதப்பி, பதினாறில் சண்டை போட்டு, இருபதில் மன்னிப்புக் கேட்டுக் கற்றுக்கொண்டார்கள். அந்தப் பயிற்சி கமலாவுக்கு இல்லை. அவளை யாரும் சண்டைக்குச் சமமான ஆளாகவே நடத்தியதில்லை. அதனால் அவள் பட்டென்று போட்டு உடைப்பாள், எதிராளி முகம் சுண்டிப்போவதைப் பார்த்துக் குழம்புவாள். டெர்மனின் பிள்ளைகளுக்கும் இவளுக்கும் வித்தியாசம் இங்கேதான். அவர்கள் கூர்மையோடு பிறந்து, அந்தக் கூர்மையை எங்கே உறைக்குள் வைப்பது என்று வளர வளரப் பழகினார்கள். இவளுக்கு அந்தக் கத்தி முப்பது வயதில், உறை இல்லாமல் கைக்கு வந்திருக்கிறது.

'அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான்' என்ற பழமொழியை மனதில் வைத்து நீங்கள் அவளை எழுதியிருக்கலாம். அந்தப் பழமொழி பணத்துக்கும் பதவிக்கும் பொருந்தும், அறிவுக்குப் பொருந்தாது என்பது என் எண்ணம். வந்த பணம் நம் கண்ணைத் திருத்துவதில்லை. வந்த அறிவு முதல் வேலையாகக் கண்ணைத் திருத்துகிறது, அந்தக் கண் முதலில் தன்னைத்தான் பார்க்கிறது. ஆகவே கமலாவுக்கு முதலில் வர வேண்டிய உணர்ச்சி பெருமை இல்லை, வெட்கம். போன மாதம் எல்லோர் முன்னாலும் தான் ஆடிப் பாடியது, தெரியாதவர்களிடம் வீட்டு ரகசியத்தைச் சொன்னது எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். திமிர் அந்த வெட்கத்தின்மேல் அவள் போர்த்திக்கொள்ளும் துணியாகப் பின்னால் வரட்டும்.

அந்தத் துணியை நெய்யும் திறமையும் அவளுக்கு இப்போது கூடியிருக்கும். அறிவு அதிகமானால் தன் தப்பு தனக்குத் தெரியும் என்று நாம் நம்புகிறோம். உளவியலாளர்கள் ரிச்சர்ட் வெஸ்ட், கீத் ஸ்டானோவிச் உள்ளிட்டோர் 2012இல் வெளியிட்ட ஆய்வு வேறு மாதிரிச் சொல்கிறது. அறிவுத்திறன் சோதனைகளில் நன்றாகச் செய்தவர்களும் மற்றவர்களின் சாய்வை, அதாவது ஒருதலைப்பட்சமாக யோசிப்பதை, கண்டுபிடிப்பதுபோலத் தங்கள் சாய்வைக் கண்டுபிடிக்கவில்லை. கமலா அக்காவைப் பழிவாங்க விரும்பினால், அது பழிவாங்கலே இல்லை, நியாயம்தான் என்று நிரூபிக்கப் பத்துக் காரணம் அடுக்குவாள், பத்தும் அசைக்க முடியாததாக இருக்கும். பழைய கமலா கோபம் வந்தால் அழுதாள், அரை மணியில் மறந்தாள். புதியவளுக்குக் கோபத்தை நியாயப்படுத்தத் தெரியும், ஆகவே மறக்க முடியாது.

இப்போது உங்கள் நாவலில் இல்லாத, கட்டாயம் இருக்க வேண்டிய ஓர் அத்தியாயத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஐக்யூவின் சராசரி 100. நூற்றில் சுமார் தொண்ணூற்றைந்து பேர் 70க்கும் 130க்கும் இடையில் இருப்பார்கள். கமலா 75இல் தொடங்கி 150க்குப் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். சில வாரங்களில் நடக்கும் ஏற்றம் என்றால், போகிற வழியில் அவளுக்குத் தெரிந்த ஒவ்வொருவரையும் அவள் ஒரு நாள் தொட்டுக் கடந்திருக்க வேண்டும். அக்காவும் அவளும் சரிசமமாக இருந்த ஒரு வாரம் வந்து போயிருக்கும்! அந்த வாரத்தில் அவர்கள் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரே விஷயத்துக்கு ஒரே நேரத்தில் சிரித்திருப்பார்கள். அக்கா ஆபீஸ் பிரச்சினையைச் சொல்ல, கமலா உருப்படியாக ஒரு யோசனை சொல்லியிருப்பாள். ராத்திரி இரண்டு மணி வரை பேசியிருப்பார்கள். அக்கா இத்தனை வருஷம் ஏங்கியது அந்தத் தங்கைக்காகத்தான். அடுத்த வாரம் அக்கா ஒரு வாக்கியத்தைத் தொடங்கும்போதே கமலாவுக்கு முடிவு தெரிந்துவிடும். காத்திருப்பாள். அக்கா முடிப்பாள். அதற்கடுத்த வாரம் காத்திருக்கமாட்டாள், அவளே முடித்துவிடுவாள்.

இந்தக் காத்திருப்பு முக்கியம். வேகமாக யோசிப்பவருக்கு மற்றவர்களின் பேச்சு மெதுவாகக் கேட்கும். அது வெறுப்பு இல்லை, ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் வெறுப்பு மாதிரியே இருக்கும். பாதியில் கண்ணை வேறு பக்கம் திருப்புவது, 'ம், ம்' என்று தலையாட்டி விரட்டுவது, கேள்வி முடியும் முன் பதில் சொல்வது. 'அவள் அக்காவை மதிக்கவில்லை' என்ற வரியை அடித்துவிட்டு இந்த மூன்றையும் எழுதிப் பாருங்கள்.

சுற்றி இருப்பவர்களும் சும்மா இருக்கமாட்டார்கள். கீஸின் சிறுகதையில் சார்லியோடு வேலை பார்த்தவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு அவனை வேலையிலிருந்து வெளியேற்றுகிறார்கள், ஒரே ஒரு பெண்ணைத் தவிர. அவன் அவர்களுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. ஆனால் தங்களைவிடக் கீழே ஒருவன் இருக்கிறான் என்ற நிம்மதியை எடுத்துக்கொண்டுவிட்டான். கமலாவின் அக்காவுக்கும் இது நடக்கும். முப்பது வருஷமாக 'பொறுப்பான மூத்தவள்' என்பதுதான் அவள் அடையாளம். இனி அவள் யார்? குணமாற்றம் பாதிக்குப் பாதி அக்காவிடம் நடக்க வேண்டும்.

இவ்வளவு நல்லது நடந்தும் அவள் ஏன் சந்தோஷமாக இல்லை என்று உங்களுக்குத் தோன்றினால், மருத்துவ உலகில் எஸ்.பி. என்று அறியப்பட்ட ஆங்கிலேயரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிறந்த பத்தாவது மாதத்தில் பார்வை போனவர். 52ஆவது வயதில் கருவிழி மாற்று அறுவை சிகிச்சையில் பார்வை திரும்பியது. ரிச்சர்ட் கிரிகரி என்ற உளவியலாளர் அவரை நெருக்கமாகக் கவனித்து எழுதினார். பார்வை இல்லாதபோது நண்பர் தோளில் கைவைத்துவர சைக்கிள் ஓட்டியவர், பார்வை வந்த பிறகு தெருவைக் கடக்கப் பயந்தார். பெயர்ந்துபோன பெயிண்ட்டைப் பார்த்து மனம் வாடினார். கடைசல் இயந்திரத்தை (லேத்) பார்க்க வேண்டும் என்று வாழ்நாள் எல்லாம் ஆசைப்பட்டவரை லண்டனில் ஓர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போனார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்தபோது அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பெட்டியைத் திறந்துவிட்டதும், கண்ணை மூடிக்கொண்டு ஆசையோடு தடவினார். பிறகு சற்றுப் பின்னால் வந்து கண்ணைத் திறந்து, தொட்டுப் பார்த்துவிட்டதால் இப்போது தெரிகிறது என்றார். நாளடைவில் மாலை நேரத்தில் விளக்குக்கூடப் போடாமல் இருட்டில் உட்கார்ந்திருக்கத் தொடங்கினார். இரண்டு வருஷத்துக்குள் இறந்துபோனார். பார்வையற்றவராக அவர் சாதித்தவர், கம்பீரமானவர். பார்வை வந்ததும் எல்லோரையும்விடப் பின்தங்கிய ஒருவர் ஆகிவிட்டார். கமலா எப்போதாவது கண்ணை மூடிக்கொண்டு பழைய வேலையை, துணி மடிப்பதையோ எதையோ, பழைய மாதிரி செய்துகொண்டிருக்கட்டும். விளக்கம் வேண்டாம்.

மொழி பற்றியும் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. கமலா தன் கதையைத் தானே சொல்வதாக எழுதினால் இது அவசியம். அறிவு கூடியதைக் காட்டக் கடினமான சொற்களைப் போடாதீர்கள். தொடக்கத்தில் அவள் 'அப்புறம்', 'அப்புறம்' என்று சம்பவங்களைக் கோக்கட்டும். 'அக்கா வந்தாள். அப்புறம் கத்தினாள். அப்புறம் நான் அழுதேன்.' கொஞ்ச நாளில் 'ஏனென்றால்' வரட்டும். பிறகு 'இருந்தாலும்'. 'ஒருவேளை' என்ற சொல் முதல் முறையாக வரும் பக்கத்தில் வாசகர் நிமிர்ந்து உட்கார வேண்டும், ஏனென்றால் நடக்காத ஒன்றை அவள் கற்பனை செய்யத் தொடங்கிவிட்டாள். ல, ள, ழ குழப்பமும் ஒற்றுப்பிழையும் குறைந்துகொண்டே வரலாம், ஆனால் அது ஒப்பனைதான். உச்சத்தில் அவள் மொழி மறுபடி எளிமையாக வேண்டும். மிக நன்றாகப் புரிந்தவர்கள் சின்ன வாக்கியத்தில்தான் பேசுவார்கள்.

எது மாறக் கூடாது என்பதற்கும் ஒரு பட்டியல் உங்கள் மேசையில் இருக்கட்டும். இருட்டுக்குப் பயம், சத்தமாகச் சிரிப்பது, கதவைச் சாத்தியபின் இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பது, யாராவது அழுதால் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வது. இவை அவள் புத்தியில் இருந்தவை இல்லை. கடைசிப் பக்கம் வரை இருந்தால்தான் வாசகர் 'வேறு யாரோ' என்று சொல்லமாட்டார். அழுகிறவர் பக்கத்தில் இப்போதும் போய் உட்காருவாள். ஆனால் அவர் அழுவது எவ்வளவு நிஜம் என்று அளந்துகொண்டே உட்காருவாள். அளப்பது அவளுக்கே பிடிக்காது.

அப்புறம் அந்த மணிக்கட்டு. அதை இரண்டாம் முறை படித்ததோடு அவளை விட்டுவிடாதீர்கள், நாவலின் முடிவுக்கு அருகில் மூன்றாம் முறை படிக்க வையுங்கள். அக்காவுக்கு அப்போது பன்னிரண்டு வயது என்ற கணக்கு கமலாவுக்கு எப்போதும் தெரியும், ஆனால் பன்னிரண்டு என்பது எவ்வளவு சின்ன வயது என்று இப்போதுதான் தெரிகிறது. வண்டிகள் போகும் தெருவில், திடீரென்று எந்தப் பக்கம் ஓடுவாள் என்று தெரியாத தங்கையைப் பிடித்துக்கொண்டு ஒரு குழந்தை நிற்கிறது. கோத்த விரல்கள் வழுக்கிவிடும். மணிக்கட்டு வழுக்காது. அந்தப் பெண்கள் கடந்துபோகும்போது அக்கா வெட்கப்பட்டதும் நிஜம், பிடியைத் தளர்த்தியதும் நிஜம், விடவில்லை என்பதும் நிஜம். கமலா எழுந்துபோய் தூங்கிக்கொண்டிருக்கும் அக்காவின் கட்டில் ஓரத்தில் உட்காருகிறாள். எழுப்பவில்லை. அக்காவின் மணிக்கட்டைத் தேடிப் பிடித்துக்கொள்கிறாள்.